கத்தரிக்கோல் தந்த பெயர்
(மலையில் தங்கிய பெயர்கள் – தொடர் 9)

நான் சிறுவனாக இருந்தபோது ஹல்துமுல்லை கடைவீதியில் ஒரு தையற்கடை இருந்தது. பலசரக்குக் கடையொன்றின் இஸ்தோப்பில் ஒரு சிங்கர் மெஷின், ஒரு மேசை, மேசைக்குக் கீழே வெட்டுத் துணிகள் நிறைந்த ஒரு பழைய தேயிலைப் பெட்டி. அவ்வளவுதான் கடை. தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்த மறுநாளிலிருந்து அந்த இஸ்தோப்பில் கால் வைக்க இடமிருக்காது. அளவு நாடாவை மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அவர் ஒருவரே நாலு தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அளவெடுப்பார்.

பெரியவர்களுக்கு அவர் ‘டெய்லர்’. எங்களுக்கு ‘டெய்லர் மாமா’. அவர் மனைவி ‘டெய்லரம்மா’. மகன் எங்களோடு படித்தான். அவனை ‘டெய்லர் மகன்’ என்றுதான் வாத்தியாரே கூப்பிடுவார். அந்த மகன் ஊசியைத் தொட்டதே இல்லை. பதுளைக்குப் போய் லொறி ஓட்டினான், பிறகு சொந்தமாக ஒரு லொறி வாங்கினான். ஆனாலும் ஊருக்கு வந்தால் அவன் டெய்லர் மகன்தான். இப்போது அவனுடைய பிள்ளைகளை ‘டெய்லர் வீட்டுப் பிள்ளைங்க’ என்கிறார்கள். மாமாவின் உண்மையான பெயரை நான் முதன்முதலில் பார்த்தது, அவர் இறந்த அன்று கடைவீதித் தூணில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில்.

சென்ற இதழ்வரை தோட்டங்களின் பெயர்களைப் பார்த்து வந்தோம். இங்கிலாந்தின் இரண்டு காடுகள் நம் மலையில் நீட்வுட் என்றும் ஷெர்வுட் என்றும் தேயிலைத் தோட்டங்களாகி நிற்கும் கதையைச் சொல்லியிருந்தேன். இனி ஆட்களின் பெயருக்கு வருவோம். டெய்லர் மாமா வீட்டில் மூன்று தலைமுறையாக நடந்ததுதான் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் கிராமங்களிலும் நடந்தது. அங்கே அது எழுத்தில் ஏறி நிலைத்துவிட்டது. அப்படி நிலைத்த பெயர்களில் ஒன்றுதான் இந்த மலைகளைத் தேயிலை மலைகளாக்கிய மனிதரின் பெயர்: ஜேம்ஸ் டெய்லர்.

1066இல் நோர்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடிக்கும்வரை அந்நாட்டாருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஆளுக்கு ஒரு பெயர், அதுவே போதுமாக இருந்தது. துணி தைப்பவரைப் பழைய ஆங்கிலத்தில் ‘சீமெரெ’ என்றார்கள். துணியின் மூட்டுவாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. நோர்மானியர் வந்தபின் கோட்டையிலும் மன்றத்திலும் பிரெஞ்சு பேசப்பட்டது. சீமெரெ ஒதுங்கி, பிரெஞ்சின் ‘தைலூர்’ வந்து உட்கார்ந்தது. காதுக்கு அது நம்முடைய ‘தையல்’ போலவே ஒலிக்கிறது. ஆனால் இரண்டுக்கும் உறவு இல்லை. தைலூர் என்றால் வெட்டுபவர்; லத்தீனில் வெட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது. தமிழ் இணைப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தது, பிரெஞ்சு வெட்டுவதைப் பார்த்துப் பெயர் வைத்தது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்தில் வரும் துன்னகாரரும் தைப்பவர்தான். துன்னுதல் என்றாலும் பொருத்தித் தைத்தல்.

வெட்டுவதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு? இதை எனக்கு விளங்கவைத்தவர் டெய்லர் மாமாதான். அவரிடம் வேலை பழகிய பையன்கள் பட்டன் கட்டுவார்கள், விளிம்பு அடிப்பார்கள், ஆறு மாதத்தில் மெஷினிலும் உட்காருவார்கள். கத்தரிக்கோலை மட்டும் அவர் யார் கையிலும் கொடுக்கமாட்டார். “தைக்கிறது யாரும் தைக்கலாம் தம்பி. தப்பா தைச்சா பிரிச்சிடலாம். தப்பா வெட்டினா என்ன செய்வ?” என்பார். முற்பணக் காசில் வாங்கிய துணி; ஒருமுறை கோணல் விழுந்தால் அந்தப் பிள்ளைக்குத் தீபாவளி இல்லை. கம்பளித் துணி பொன்போல விலை விற்ற அந்தக் கால இங்கிலாந்திலும் அதே கணக்குதான். வெட்டத் தெரிந்தவரிடம்தான் ஊர் துணியைக் கொடுத்தது.

நோர்மானியர் காலத்தில் வில்லியம், ராபர்ட், ஜான் என்று ஒரு சில பெயர்களே எங்கும் பரவின. ஒரு கிராமத்தில் பத்து ஜான்கள் இருந்தால் வரி வாங்க வருபவர் என்ன செய்வார்? எந்த ஜான் என்று கேட்பார். தையற்கார ஜான், கொல்லர் ஜான், ஆற்றங்கரை ஜான், ரிச்சர்ட் மகன் ஜான் என்று ஊர் பதில் சொல்லும். 12ஆம் நூற்றாண்டின் இறுதி ஆவணங்களில் ‘வில்லியம் லெ தைலூர்’ என்ற வகைப் பெயர்கள் தென்படத் தொடங்குகின்றன. ‘லெ’ இருக்கும்வரை அது தொழில். வில்லியம் என்னும் அந்தத் தையற்காரர். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த ‘லெ’ உதிர்ந்தது. நிலத்துக்கு வாரிசு நான்தான் என்று மன்றத்தில் நிறுவ வேண்டிய மகன், அப்பாவின் அடையாளத்தையே தன் அடையாளமாக எழுதிக்கொண்டான். தொழில் கைவிட்டுப் போனது, சொல் தங்கிவிட்டது.

1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருப்பதையே காணலாம். சிலருடைய பெயரும் தொழிலும் ஒன்றாக இருக்கும்; சிலருக்குப் பெயர் ஒன்று, தொழில் வேறொன்று. அந்தத் தலைவரியை எதிர்த்து 1381இல் எழுந்த குடியானவர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் வாட் டைலர். ‘டைலர்’ என்றால் ஓடு வேய்பவர். அதுவும் தொழிற்பெயர்தான். 1538இல் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு ஆலயப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதவேண்டும் என்று கட்டளையிட்டார். அதன்பின் பெயர் நாவிலிருந்து இறங்கித் தாளில் குடியேறியது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மிக அதிகமானோர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்களின் வரிசையில் முன்னணியில் நிற்பவற்றில் டெய்லர் ஒன்று. முதலிடம் ஸ்மித்துக்கு, அதாவது கொல்லருக்கு. ஜெர்மனியில் தையற்காரர் ஷ்னைடர், ஹங்கேரியில் சபோ, அரபு நாடுகளில் கய்யாத். எல்லாமே குடும்பப் பெயர்கள்.

இந்த இடத்தில் இலண்டன் மாநகரின் ஒரு பழைய வழக்கைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1327இல் தையற்காரர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. அதே ஆண்டில் மிருகத்தோல் பதனிடுவோர் சங்கத்துக்கும் கிடைத்தது. மாநகரச் சங்கங்களின் ஊர்வலத்தில் யார் முன்னே போவது என்று இரண்டு சங்கமும் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டன. 1484இல் நகரபிதா ராபர்ட் பில்ஸ்டன் தீர்ப்புச் சொன்னார்: ஓராண்டு இவர்கள் ஆறாவதாகப் போகட்டும், மறு ஆண்டு அவர்கள், ஆண்டுதோறும் ஒருவரையொருவர் விருந்துக்கு அழைக்கட்டும். கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு அடித்துக்கொள்ளும் ஊர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சண்டையும் புரியும், அந்தத் தீர்ப்பின் அருமையும் புரியும்.

தோல் பதனிடுவோர் ஆங்கிலத்தில் ‘ஸ்கின்னர்’. தையற்காரர் ‘டெய்லர்’. இந்த இரண்டு பெயர்களும் நானூறு ஆண்டு கழித்து நம் மலையில் மறுபடி சந்தித்தன.

தாமஸ் ஸ்கின்னர் 1804இல் பிறந்தவர். பீரங்கிப் படை அதிகாரியின் மகன். மீசை முளைக்காத வயதில் இலங்கைப் படையில் சேர்ந்து, கண்டிச் சாலை வேலைக்கு அனுப்பப்பட்டு, பின்னர் சாலைகளின் ஆணையாளராக உயர்ந்தார். மலைநாட்டின் சாலைகளில் பெரும்பகுதி அவர் காலத்தில் வெட்டப்பட்டவை. மண்வெட்டி பிடித்தவர்களில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படைத் தமிழர் ஏராளம். ஸ்கின்னரின் நினைவுக் குறிப்புகள் அவர் இறந்தபின் 1891இல் நூலாக வந்தன. அந்த வேலையாட்களில் ஒருவருடைய பெயரையாவது தேடி அதைப் படிப்பவர் ஏமாந்துபோவார்.

ஸ்கின்னர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்டு 1867. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். சாலையைத் தோல்காரர் பெயர் கொண்டவர் முடித்துக் கொடுக்க, தையற்காரர் பெயர் கொண்டவர் செடியை ஊன்றினார். இது தற்செயல்தான். ஆனாலும் இந்த இரண்டு பெயரும் ஒரே ஆண்டில் கைமாறிக்கொள்வதைப் படித்தபோது எனக்கு இலண்டனின் அந்த 1484ஆம் ஆண்டுத் தீர்ப்பு நினைவுக்கு வந்தது.

ஜேம்ஸ் டெய்லரின் வீட்டில் தையற்காரர் யார்? அவர் அப்பா மைக்கேல் டெய்லர், ஸ்கொட்லாந்தின் கின்கார்டின் பகுதியில் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். அந்தத் தொழிலுக்கும் ஆங்கிலத்தில் தனிக் குடும்பப் பெயர் உண்டு, ‘வீல்ரைட்’ என்று. ஆக, பெயரால் தையற்காரர், தொழிலால் தச்சர். மகனோ தேயிலைக்காரர். 1835 மார்ச் 29 அன்று பிறந்த அந்தப் பையன் ஒன்பது வயதில் தாயை இழந்தான். 16 வயதில், ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்துக்கு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கப்பலேறி, 1852 பிப்ரவரியில் கொழும்பில் இறங்கினான். திரும்பிப் போகவே இல்லை. விடுமுறை என்று அவர் எடுத்தது 1874இல் ஒருமுறை. அதையும் தேயிலை பார்க்க டார்ஜிலிங் போய்க் கழித்தார். பங்களா இஸ்தோப்பில் மேசை போட்டுக் கையால் கொழுந்தை உருட்டி, களிமண் அடுப்பில் கம்பித் தட்டு வைத்துக் காயவைத்துப் பழகினார். 1872இல் உருட்டும் இயந்திரத்துடன் ஒரு ஸ்டோர் கட்டினார். 1873இல் அவருடைய தேயிலை 23 இறாத்தல் இலண்டனுக்குப் போனது.

ஊவாவுக்குத் தேயிலை வந்த வழி இன்னொன்று. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பூஞ்சணம் தென்பட்டது. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் தீவின் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. கோப்பி போன இடத்தில் சிங்கோனா வைத்தார்கள், பிறகு தேயிலை வைத்தார்கள். 1890இல் தாமஸ் லிப்டன் வந்து டம்பெத்தன, லேமஸ்தொட்ட, மொனரகந்த என்று நம் சரிவுகளை மொத்தமாக வாங்கினார். 1893இல் ரயில் ஹப்புத்தளையைத் தொட்டது. ஜூலை தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பறிக்கும் ஊவாக் கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி விலை கிடைத்தது. லிப்டன் என்ற பெயர் தொழிலிலிருந்து வந்ததல்ல. அது ஊர்ப் பெயர். ஒரு மனிதனின் பெயர் பொட்டலத்தில் ஏறி, இன்று உலகின் பாதிப் பேருக்கு அது தேயிலையின் பெயராகிவிட்டது.

டெய்லர் 1892 மே 2 அன்று இறந்தார், 57 வயதில். ஆள் நல்ல பருமன். உடலைச் சுமந்து கண்டி மஹய்யாவ மயானம்வரை நடந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள், 24 பேர் முறைவைத்து. பின்னால் நடந்தவர்கள் அவரைச் சாமி துரை என்று சொல்லி அழுதார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கவனியுங்கள்: டெய்லர் என்ற பெயர் அவர்கள் வாயில் இல்லை. நம் ஆட்கள் துரைமாருக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள்; தோட்டத்துக்கும் முதல் துரை, முதல் கங்காணி, பார்த்த மரம், வந்த ஊர் எதையாவது வைத்துத் தமிழில் வேறு பெயர் சொன்னார்கள். அந்தப் பெயர்களில் எத்தனையோ இன்றும் லயத்தில் வழங்குகின்றன.

வேறு தொழிற்பெயர்களும் இந்தப் பக்கம் உலாவின. ஹல்துமுல்லையிலிருந்து பலாங்கொடைப் பக்கம் இறங்கினால் பெலிஹுல் ஓயாவைக் கடப்போம். அந்த ஓயா மேலே ஹோட்டன் சமவெளியில் விழும் அருவிக்கு பேக்கர்ஸ் அருவி என்று பெயர். நுவரெலியாவில் குடியேற்றம் அமைக்க முயன்ற சாமுவேல் பேக்கரின் பெயர் அது. பேக்கர் என்றால் பாண் போடுபவர். அவருடைய அப்பாவுக்கு ஜமைக்காவிலும் மொரீசியஸிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 1850களில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜான் பெய்லியின் பெயர், பண்ணையாரின் காரியக்காரரைக் குறிப்பது. அவர் ஊவாவின் வாய்க்கால்களைப் பற்றி அக்கறையோடு எழுதினார். 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்த ஆளுநர் ஹென்றி வார்டின் பெயர் காவற்காரரைக் குறிப்பது. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியரின் குடும்பம் ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளிலிருந்து வந்தது. அவர்கள் பெயரில் அந்தப் பழைய ‘லெ’ உதிராமலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பொருள், அளப்பவர். நெல்வரி கட்ட முடியாமல் வலப்பனைக் குடியானவர்கள் வயலை இழந்து பட்டினி கிடந்ததை 1880களில் வெளியே கொண்டுவந்தவர் அவர். 1892இல் அந்த வரி ஒழிந்தது. இவர்களில் நான் மரியாதையோடு நினைப்பது இந்த அளப்பவரைத்தான்.

டெய்லர் என்ற பெயர் கடல் கடந்த கதை எல்லா இடத்திலும் இப்படி இல்லை. அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர் மீது எஜமானின் குடும்பப் பெயர் ஏறியது. அமெரிக்காவின் 12ஆவது ஜனாதிபதி சக்கரி டெய்லரே அடிமைகளை வைத்திருந்தவர். இன்று அந்தப் பக்கம் டெய்லர் என்ற பெயரோடு வாழும் கறுப்பினத்தார் எத்தனையோ பேருக்கு, அந்தப் பெயர் தம் பாட்டனின் தொழிலையும் சொல்லாது, ஊரையும் சொல்லாது. யாருடைய சொத்தாக எழுதப்பட்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லும்.

தமிழர் போன இடங்களிலும் பெயர் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. 1860 முதல் நேட்டாலுக்குப் போனவர்களுக்குச் சாதிப் பட்டமே குடும்பப் பெயராக உறைந்தது: கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார், முதலி ‘மூட்லி’ ஆனார், படையாச்சி படையாச்சியாகவே இருந்தார். படையாச்சி என்பதற்குள் படைவீரன் இருக்கிறான். அதுவும் ஒரு தொழிற்பெயர். நம் அயலில் சிங்களக் குடும்பப் பெயர்களைக் கேளுங்கள். ஹேவகே என்றால் போர்வீரன் வீடு, வெதகே என்றால் வைத்தியர் வீடு. ‘டெய்லர் வீட்டுப் பிள்ளைங்க’ என்று நாம் சொல்வதன் சிங்கள வடிவம் அது.

மலைநாட்டில் நம்மவர்களுக்குத் துரையின் பெயரும் ஏறவில்லை, தொழிலும் குடும்பப் பெயராகவில்லை. அப்பாவின் பெயரின் முதல் எழுத்து, அதன்பின் தன் பெயர். தலைமுறைக்குத் தலைமுறை முன்னெழுத்து மாறும். ஆனால் செக்ரோலில் அந்தப் பெயருக்கு நடந்தது வேறு. இதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன்.

விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் தப்பு அடிக்கும். வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோலை விரித்துப் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிட்டு எழுதினால் அன்றைக்கு வேலை உண்டு, சம்பளம் உண்டு. அதனால் தோட்டத் தமிழில் ‘பேர்’ என்ற சொல்லுக்கே ஒரு நாள் சம்பளம் என்று பொருள் வந்துவிட்டது. சொன்ன இறாத்தல் கொழுந்து வரவில்லை என்றால் ‘அரைப்பேர்’. குற்றம் கண்டால் பேரை வெட்டுவார்கள். மாலையில் கூடையை இறக்கிவிட்டு வரும் எங்கள் அம்மாயியிடம் தாத்தா கேட்கும் முதல் கேள்வி, “இன்னைக்கு பேரு விழுந்துச்சா?” அம்மாயி ஈரப் படங்கை அவிழ்த்தபடி சொல்லும்: “அரைப்பேருதான் போட்டாரு.” அன்று உலையில் அரிசி குறையும்.

இங்கிலாந்தில் வேலை பெயரானது. நம் லயத்தில் பெயர் வேலையானது, கூலியானது. நான் படித்த எந்த நாட்டுப் பெயர் வரலாற்றிலும் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. பெயரைப் பாதியாக வெட்டலாம் என்று ஒரு மொழிக்குத் தோன்ற வேண்டுமென்றால், அந்த மொழி பேசியவர்கள் எவ்வளவு காலம் எப்படி வாழ்ந்திருக்க வேண்டும்!

அந்தப் பெயரையும் ஒழுங்காக எழுதினார்களா? வேலைக்குப் பெயர் வேண்டும், மனிதருக்கு வேண்டியதில்லை என்பதுபோல எழுதினார்கள். ஒரே ஆள் செக்ரோலில் கருப்பன், பிறப்புப் பதிவில் கருப்பையா, பற்றுச்சீட்டில் வேறெதுவோ. தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் தொழிலாளி என்ற ஒற்றைச் சொல். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேர் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1946 ஜனவரி 1க்கு முன்பு ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததை ஒவ்வொருவரும் தாளில் நிரூபிக்க வேண்டியிருந்தது. தாளிலோ பெயர் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நூறு ஆண்டுகளாகப் பிறர் கையால் எழுதப்பட்ட எழுத்துப் பிழைகளுக்கு விலை கொடுத்தவர்கள், எழுதத் தெரியாதவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் பெரும்பாலோரை இரு நாட்டுக்கும் பங்கு போட்டது. அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. எங்கள் லயத்தில் எட்டுக் காம்பராக்கள் காலியானது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்கு முடிவு காணும் சட்டம் 2003இல்தான் வந்தது.

முடிந்தது என்று நினைத்தோம். 2014 அக்டோபர் 29 அன்று காலை, நம் ஹல்துமுல்லைப் பிரதேசத்திலேயே, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அன்றும் அடுத்த நாட்களிலும் மாறிக்கொண்டே இருந்தது. நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு நூறு என்றார்கள், பிறகு நாற்பதுக்கும் குறைவு என்றார்கள். ஒரு தோட்டத்தின் லயங்களில் யார் யார் இருந்தார்கள் என்று பெயர்ப்பட்டியலைப் பார்த்து உடனே சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தவர்கள் தங்களுக்குள் பெயர் சொல்லி, அந்த வீட்டில் யார், இந்த வீட்டில் யார் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

டெய்லர் மாமாவின் கடை இருந்த இஸ்தோப்பில் இப்போது போன் கடை இருக்கிறது. தைத்துப் போடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் தையல் இந்த மலையை விட்டுப் போகவில்லை. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ‘கார்மென்ட்ஸ்’ வேலைக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். கொழுந்து பறித்தவர்களின் பேத்திகள் மெஷின் வரிசையில் உட்கார்ந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சட்டை தைக்கிறார்கள். அங்கேயும் வெட்டுவது ஒரு பிரிவு, தைப்பது இன்னொரு பிரிவு. சட்டையின் கழுத்துப்பட்டியில் கம்பனியின் பெயர் இருக்கும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பற்றுச்சீட்டு, பிறப்புச் சான்று, கப்பல் சீட்டு, குடியுரிமை விண்ணப்பத்தின் பிரதி என்று எது இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். போனில் படம் பிடித்து வையுங்கள். அதில் உங்கள் பாட்டன் பாட்டியின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, லயத்தில் அவர்களை எப்படிக் கூப்பிட்டார்கள், அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்ற மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். முடிந்தால் உயிரோடு இருக்கும் மூத்தவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். அதை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த இதழில், 1901இல் அறிமுகமாகி, தோட்டத்தின் இலக்கம் பொறித்து நம் முன்னோர் கழுத்தில் மாட்டப்பட்ட டின் டிக்கட்டைப் பற்றி எழுதுகிறேன். அதில் பெயருக்கு இடமே இருக்கவில்லை.